அவரிடம் கேட்டீர்களா?

2006 டிசம்பர் மாதம். கத்தார் நாட்டுத் தலைநகர் தோஹாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. மகளிர் 800 மீட்டர் ஓட்டத்தில் நம் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி இரண்டாவதாக வந்தார். செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். தலித் குடும்பம். முந்தைய ஆண்டு தென் கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியிலும் இதே தூரத்தில் வெள்ளி வாங்கியவர். போட்டி முடிந்த சில நாட்களில், பாலினச் சோதனையைக் காரணம் காட்டி அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது.

இது எல்லோருக்கும் தெரிந்த கதை. பதக்கம் பறிபோனது பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அந்தச் செய்தி எப்படி வெளியே வந்தது என்பதைப் பற்றித்தான் குறைவாகப் பேசியிருக்கிறோம்.

பாலினச் சோதனை என்பது மருத்துவப் பரிசோதனை. அதன் முடிவு சம்பந்தப்பட்டவருக்கும் மருத்துவருக்கும் உரிய விளையாட்டு அமைப்புக்கும் மட்டுமே தெரிய வேண்டியது. நம் ஊர் அரசு மருத்துவமனையில் ஒருவருக்கு எடுத்த இரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பேருந்து நிலையத்தில் ஒட்டினால் நாம் சும்மா இருப்போமா? சாந்தியின் விஷயத்தில் நடந்தது அதுதான். பெயர் சொல்லாத ‘வட்டாரங்கள்’ வழியே கசிந்த தகவல் தொலைக்காட்சியில் ஓடியது. மறுநாள் அச்சில் ஏறியது. ‘சோதனையில் தோற்றார்’ என்று எழுதினார்கள். ஓட்டத்தில் தோற்கலாம், தேர்வில் தோற்கலாம். ஒருவருடைய உடல் எப்படித் தோற்கும்? அந்தச் சொல்லைப் போட்டவர்கள் இதை யோசிக்கவில்லை. பெயர், ஊர், பெற்றோர் செய்யும் வேலை எல்லாம் வெளிவந்த பிறகு, உடலைப் பற்றிய ஊகத்தையும் ஊரே பேசத் தொடங்கியது. அடுத்த ஆண்டு அவர் உயிர் பிழைத்ததே பெரிது என்னும் நிலை வந்தது.

அந்த மருத்துவ அறிக்கையில் என்ன இருந்ததாகச் சொல்லப்பட்டது என்பதை இந்தக் கட்டுரை எழுதப்போவதில்லை. அது தெரியாததால் வாசகருக்கு ஒரு நட்டமும் இல்லை.

‘ஆம்’ என்னும் விகுதி

தமிழ்ப் பேச்சு வழக்கில் ஒரு நேர்மை உண்டு. தானே பார்த்ததைச் சொல்லும்போது ‘வந்தான்’ என்போம். பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்லும்போது ‘வந்தானாம்’ என்போம். அந்த ‘ஆம்’ ஒன்று போதும். ‘இது நான் கண்டதில்லை, காதில் விழுந்தது, நம்புவதும் நம்பாததும் உன் பாடு’ என்று சொல்பவர் கேட்பவருக்கு அறிவித்துவிடுகிறார். எழுத்தறியாத பாட்டியும் இந்த எச்சரிக்கையைத் தவறவிடுவதில்லை.

அச்சுக்குப் போனதும் அந்த ‘ஆம்’ காணாமல் போகிறது. அதன் இடத்தில் ‘கூறப்படுகிறது’, ‘தெரிகிறது’, ‘பேசப்படுகிறது’ வந்து உட்காருகின்றன. இலக்கணத்தில் செயப்பாட்டு வினை என்று படித்தோமே, அதில் செய்தவர் யார் என்று சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். கூறியவர் யார்? பேசியவர் யார்? பதில் இல்லை. திண்ணையில் ‘ஆம்’ போட்டுச் சொன்ன ஊர்ப்பேச்சு, எழுத்துக்கு வந்ததும் அதிகாரம் பெற்ற செய்தியாகிவிடுகிறது.

இன்னொரு தந்திரம் கேள்விக்குறி. ‘ஊக்கமருந்து பயன்படுத்தினாரா?’, ‘வயதைக் குறைத்துக் காட்டினாரா?’ என்று தலைப்பு வைப்பது. கேட்டால், ‘நாங்கள் குற்றம் சாட்டவில்லை, கேள்விதான் கேட்டோம்’ என்பார்கள். கேள்வியை யாரிடம் கேட்டார்கள்? பதில் சொல்ல வேண்டியவரிடம் கேட்கவில்லை. அவரைத் தவிர மற்ற எல்லோரிடமும் கேட்டார்கள்.

‘நெருப்பில்லாமல் புகையுமா?’ என்பது வதந்திக்காரர்களின் கடைசி அஸ்திரம். சூளைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். புகை எழும்பும் இடம் ஒன்று, போய்ப் படியும் இடம் வேறு. காய்ந்த துணியிலும் கூரையிலும் கரி படிந்திருக்கிறது என்பதற்காக அந்த வீட்டில் நெருப்பு பிடித்தது என்று யாரும் சொல்வதில்லை.

ஒரே கதை, வேறு வேறு பெயர்கள்

சாந்திக்கு நடந்தது தனி விபத்து இல்லை. ஸ்பெயின் நாட்டுத் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டினோ 1985இல் ஜப்பானின் கோபே நகரில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டியில் சோதனைக்கு ஆளானார். அடிபட்டதுபோல் நடித்து ஒதுங்கிக்கொள்ளும்படி சொன்னார்கள். அவர் மறுத்து, 1986இல் தன் நாட்டுப் போட்டியில் ஓடி வென்றார். உடனே சோதனை முடிவு பத்திரிகைகளுக்குக் கசிந்தது. உதவித்தொகை போனது; மணம் பேசியிருந்தவர் விலகினார்; பதிவேட்டில் இருந்த அவருடைய சாதனைகள் அழிக்கப்பட்டன. போராடி 1988இல் தகுதியை மீட்டார். ஆனால் ஓட்டக்காரரின் வாழ்வில் அந்த ஆண்டுகள் திரும்பி வருவதில்லை.

2009 ஆகஸ்டில் பெர்லினில் உலகத் தடகளப் போட்டி. தென்னாப்பிரிக்கக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த 18 வயது காஸ்டர் செமன்யா 800 மீட்டர் இறுதி ஓட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். சில மணி நேரத்துக்கு முன், அவருக்குப் பாலினச் சோதனை கேட்கப்பட்டிருக்கிறது என்பது உலகச் செய்தியானது. 1 நிமிடம் 55.45 விநாடியில் தங்கம் வென்றார். அவர் எவ்வளவு வேகமாக ஓடினார் என்று யாரும் எழுதவில்லை. செப்டம்பரில் ஆஸ்திரேலிய நாளிதழ் ஒன்று சோதனை முடிவு இதுதான் என்று வெளியிட்டது. தடகளச் சம்மேளனம் அதை உறுதிசெய்யவில்லை. அதற்குள் அது உலகம் சுற்றிவிட்டது.

தோஹாவில் சாந்தி ஓடிய அதே போட்டியில் இந்தியாவின் 4×400 மீட்டர் தொடர் ஓட்டத் தங்க அணியில் இருந்தவர் மேற்கு வங்கத்தின் பிங்கி பிரமானிக். 2012 ஜூனில் ஒரு புகாரின் பேரில் கைதானார். அவருடைய பாலினம் பற்றிய பேச்சே செய்தியாக நிறைந்தது. மருத்துவப் பரிசோதனையின்போது எடுத்த காணொளிகூட வெளியில் பரவியது. 2014இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அவர் மீதான குற்றச்சாட்டுகளை ரத்து செய்தது. காணொளியை அனுப்பி மகிழ்ந்தவர்களில் எத்தனை பேர் தீர்ப்பைப் படித்திருப்பார்கள்?

அதே 2014இல் ஒடிசாவின் நெசவாளர் குடும்பத்திலிருந்து வந்த டூட்டி சந்த், கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்குச் சில நாட்கள் இருக்கையில் அணியிலிருந்து நீக்கப்பட்டார். பெயர் சொல்லாமல் வந்த அறிவிப்பிலிருந்து பெயரைக் கண்டுபிடிக்க ஊடகங்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை. அவர் சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்தில் வழக்காடினார். 2015 ஜூலையில் மன்றம் அந்த விதியையே நிறுத்திவைத்தது. டூட்டி மறுபடி ஓடினார். 2018 ஆசியப் போட்டியில் இரண்டு வெள்ளி வென்றார். சாந்திக்கு அப்படி வழக்காட அன்று வழியும் இல்லை, துணை நிற்க ஆளும் இல்லை.

சந்தேகமே விதியாக இருந்தது

எல்லாப் பெண்களுக்கும் கட்டாயப் பாலினச் சோதனை என்ற பழைய முறையை உலகத் தடகளச் சம்மேளனம் 1992இலும், சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 1999இலும் கைவிட்டன. அதன் பிறகு என்ன நடந்தது? யார் மீதாவது சந்தேகம் எழுந்தால் மட்டும் சோதனை என்று ஆனது. சந்தேகம் எங்கிருந்து எழும்? பக்கத்துத் தடத்தில் ஓடித் தோற்றவரிடமிருந்து, எதிரணிப் பயிற்சியாளரிடமிருந்து, தோள் அகலம் பார்த்து, குரல் கேட்டு, முகத்தைப் பார்த்து. ஆக, வதந்தி சோதனைக்குப் பிறகு வந்த துன்பம் மட்டும் கிடையாது. சோதனைக்கு வாசலே அதுதான். யாருடைய முகமும் நிறமும் உடலும் ‘பெண் என்றால் இப்படி இருப்பாள்’ என்ற கணக்கில் அடங்கவில்லையோ அவரே அந்த வாசலில் நிறுத்தப்பட்டார். சிறுவயது முதல் மண் சுமந்து, கல் அறுத்து, வெயிலில் உழைத்த உடல் அந்தக் கணக்கில் எப்படி அடங்கும்?

2025 செப்டம்பர் முதல் உலகத் தடகள அமைப்பு, உலகப் போட்டிகளில் மகளிர் பிரிவில் ஓட விரும்பும் எல்லோருக்கும் மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அது சரியா தவறா என்பது தனி விவாதம். இனி எத்தனையோ இளம் பெண்களின் மருத்துவத் தகவல் ஏதோ ஓர் அலுவலகக் கோப்பில் இருக்கும் என்பது மட்டும் நிச்சயம். கோப்பு இருந்தால் கசிவும் உண்டு. கசிந்ததை வாங்கி அச்சிடும் கை இருக்கும்வரை கசியவிடும் கையும் இருக்கும்.

யாரைப் பற்றி வதந்தி எளிதாக ஓடும்?

டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஜூலை 31 அன்று தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார் வந்தனா கட்டாரியா. ஒலிம்பிக் ஹாக்கியில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் இந்தியப் பெண் அவர். நான்கு நாட்கள் கழித்து அரையிறுதியில் இந்திய அணி அர்ஜென்டினாவிடம் தோற்றது. ஹரித்வார் பக்கம் ரோஷ்னாபாத் கிராமத்தில் அவர் வீட்டு முன்னால் சிலர் பட்டாசு வெடித்து, சாதியைச் சொல்லி வசைபாடினார்கள் என்று குடும்பத்தார் புகார் கொடுத்தனர். அணியில் தலித்துகள் அதிகம், அதனால்தான் தோல்வி என்பது அவர்கள் பேச்சு. காவல்துறை வழக்குப் பதிந்து கைது செய்தது. இரண்டு நாள் கழித்து பிரிட்டனுக்கு எதிரான வெண்கலப் பதக்க ஆட்டத்திலும் வந்தனா ஒரு கோல் அடித்தார்.

தேசிய விளையாட்டு அணித் தேர்வில் சாதி இடஒதுக்கீடு என்று ஒன்று கிடையவே கிடையாது. ஆனாலும் நம் பிள்ளைகள் யாராவது முன்னுக்கு வந்தால் ‘கோட்டாவில் வந்தது’, ‘வயதை மாற்றியது’, ‘யாரையோ பிடித்து உள்ளே நுழைந்தது’ என்ற பேச்சு உடனே கிளம்பும். நம்மால் இது முடியாது என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவர்களுக்கு, நாம் சாதித்துக் காட்டினால் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. வதந்தி அந்த விளக்கத்தை இலவசமாகத் தருகிறது.

புகழ்பெற்ற கிரிக்கெட் வீரரைப் பற்றி எழுதுமுன் ஆசிரியர் குழு மூன்று முறை யோசிக்கும். அவருக்கு மேலாளர் உண்டு, வழக்கறிஞர் உண்டு, விளம்பர நிறுவனங்கள் உண்டு. நாளை நோட்டீஸ் வரும். சூளைத் தொழிலாளியின் மகளிடமிருந்து நோட்டீஸ் வராது. எதிர்ப்பு வராத இடத்தில் மட்டும் வரும் துணிச்சலுக்குப் பத்திரிகை சுதந்திரம் என்று பெயர் வைக்கக்கூடாது.

நம்மைக் கேட்காமல் நம்மைப் பற்றி எழுதுவது நமக்குப் புதிதன்று. அதற்குப் பதிலாகத்தான் இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழையும், அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழையும், அம்பேத்கர் 1920இல் ‘மூக்நாயக்’ இதழையும் தொடங்கினார்கள். மூக்நாயக் என்றால் ஊமைகளின் தலைவன். பேச வாய் இருந்தும் கேட்கக் காது கிடைக்காதவர்களை அவர்கள் பேச வைத்தார்கள். நம்மைப் பற்றிச் சொல்லும்போது நம்மிடம் கேள் என்ற கோரிக்கைக்கு இந்த மண்ணில் நூறாண்டு கடந்த வரலாறு இருக்கிறது.

அப்படியானால் எதையும் எழுதக்கூடாதா?

எழுத வேண்டும். விளையாட்டுத் துறையின் அழுக்கை மூடிவைப்பதால் பாதிக்கப்படுவதும் ஏழைப் பிள்ளைகள்தான். 2023 ஜனவரியில் மல்யுத்த வீராங்கனைகள் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்து, தங்கள் சம்மேளனத் தலைமை மீது பாலியல் புகார் சொன்னார்கள். உச்ச நீதிமன்றத்தை நாடிய பிறகே வழக்குப் பதிவானது. அந்தச் செய்தியை எழுதாமல் இருந்திருந்தால் அது துரோகம். ஆனால் அது வதந்தி கிடையாது. பாதிக்கப்பட்டவர்களே முன்வந்து சொன்ன புகார் அது. அதிகாரத்தில் இருப்பவரை நோக்கிக் கீழே இருப்பவர் வைக்கும் புகாரும், கீழே இருப்பவரின் உடலைப் பற்றி மேலே இருந்து கசியும் பேச்சும் ஒன்றாகாது.

ஊக்கமருந்து விவகாரத்திலும் இதே வேறுபாடு உண்டு. வீரரின் மாதிரி இரண்டு குப்பிகளில் எடுக்கப்படுகிறது. முதல் குப்பியில் ஏதாவது தெரிந்தால், இரண்டாவதையும் சோதிக்கச் சொல்லும் உரிமை அவருக்கு இருக்கிறது. பிறகு விசாரணை, மேல்முறையீடு. மருத்துவ அனுமதியுடன் எடுத்த மருந்தாகவும் இருக்கலாம். முடிவான தீர்ப்பை ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பே வெளியிட வேண்டும் என்பது விதி. 2023இல் டூட்டி சந்துக்கு நான்கு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. எந்த மருந்து, எந்த விதி, எந்தக் குழு என்ற விவரத்தோடு வந்த முடிவு அது. அதை எழுதுவது பத்திரிகையின் வேலை. 2014இல் அவர் உடலைப் பற்றிக் கிசுகிசுத்தது பத்திரிகையின் வேலையில்லை. ஒரே வீராங்கனையின் வாழ்க்கையே இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தைக் காட்டிவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

அடிப்படையற்ற வதந்தியையும் ஊகத்தையும் உண்மைபோல வெளியிடக்கூடாது என்பது இந்திய பிரஸ் கவுன்சிலின் நடத்தை நெறி. ஒருவர் மீது குற்றம் சுமத்தும் செய்தி வந்தால், வெளியிடுமுன் அவருடைய விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஆனால் 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கவுன்சில் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் விதிக்க முடியாது. தொலைக்காட்சி அதன் வரம்பிலேயே இல்லை.

1994இல் நம் மாநிலத்திலிருந்து போன ‘நக்கீரன்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு பக்கமும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னது. அரசு முன்கூட்டியே பத்திரிகையின் வாயை அடைக்க முடியாது. அதேபோல், ஒருவருடைய அந்தரங்க வாழ்க்கையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடுவது, அது உண்மையாகவே இருந்தாலும், அவர் உரிமையை மீறுவதாகும். பொது ஆவணத்தில் உள்ளவை போன்றவற்றுக்குத்தான் விலக்கு. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றே அறிவித்துவிட்டது. பொய்யாக அவதூறு செய்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியினரைப் பிறர் பார்வையில் படும் இடத்தில் சாதி சொல்லி இழிவு செய்தால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இருப்பது நல்லது. ஆனால் அது வேலை செய்யத் தொடங்குமுன் செய்தி வீடு வீடாகப் போய்விடும். மறுப்புச் செய்தி உள்பக்க மூலையில் நான்கு வரியாக வரும்.

ஆகவே எழுதும் கைதான் முதல் காவல். நம் மாவட்டத்தில் விளையாட்டுச் செய்தி எழுதும் தம்பி, தங்கைகளுக்கும், கைபேசியில் சேனல் நடத்துபவர்களுக்கும் சில கேள்விகள். இது அவருடைய ஆட்டத்தைப் பற்றியதா, உடலைப் பற்றியதா? சொன்னவர் பெயரோடு நிற்பாரா? இது வெளிவந்தால் அவருக்கு என்ன லாபம்? விசாரணை முடிந்ததா, தொடங்கவாவது செய்ததா? இதே விஷயத்தை ஒரு பணக்கார வீரரைப் பற்றியும் எழுதுவீர்களா? தவறென்று தெரிந்தால் இதே இடத்தில், இதே அளவு எழுத்தில் திருத்தம் போடுவீர்களா? எல்லாவற்றுக்கும் முன்னால், அவரிடம் கேட்டீர்களா? பதில் சொல்ல அவருக்கு நேரம் கொடுத்தீர்களா?

சாந்தியின் கதை 2006இல் முடியவில்லை. பதக்கம் போன பிறகும் அன்றைய முதல்வர் கருணாநிதி அவருக்கு 15 லட்சம் ரூபாய் வழங்கினார். அந்தப் பணத்தைக் கொண்டு அவர் புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தார். பணம் தீர்ந்தது. 2012இல் அவர் மறுபடி சூளையில் கூலிக்கு நின்றது நாடறிந்த செய்தியானது. பிறகு பெங்களூரில் பயிற்சியாளர் படிப்பை முடித்தார். 2016இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் ஆனார். அந்தப் பதக்கம் மட்டும் திரும்பவில்லை. அது திரும்ப வேண்டும் என்று தமிழ்நாடு அரசும் இந்திய ஒலிம்பிக் சங்கமும் இப்போதாவது எழுத்துப்பூர்வமாகக் கேட்க வேண்டும்.

நம் பள்ளி மைதானங்களில் காலில் செருப்பில்லாமல் ஓடிப் பழகும் பெண் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி மாநில அளவில் வென்று வரும் நாளில், அவளைப் பற்றி ஏதாவது ஒரு பேச்சு நம் கைபேசிக்கும் வந்து சேரும். அதை அடுத்தவருக்குத் தள்ளிவிடுமுன், அனுப்பியவரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்தப் பிள்ளையிடம் கேட்டீர்களா?